உத்தியே! – கடலூர் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களே, எதிரணியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் அனுபவசாலிகளே, மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'சிறுகதையை நிற்க வைப்பது வாழ்ந்த அனுபவமா, எழுதும் உத்தியா?' இதுதான் தலைப்பு. உத்தியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா, அனுபவமே என்று சொல்லி மூன்று தடவை கைதட்டல் வாங்கிவிட்டார். "ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், அவர் எந்த உத்தி வகுப்புக்குப் போனார்?" என்று கேட்டார். ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பத்தில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டால் கைதட்டல் வராமல் என்ன செய்யும்?

ஐயா, ஜெயகாந்தன் பிறந்தது 1934 ஏப்ரல் 24. புதுமைப்பித்தன் பிறந்தது 1906 ஏப்ரல் 25, இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில், திருப்பாதிரிப்புலியூரில். இரண்டு பேரும் கடலூர்த் தண்ணீர், இரண்டு பேரும் ஏப்ரல். நானும் கடலூர்தான், நானும் ஏப்ரல்தான். என் கதை எந்தப் பத்திரிகையிலாவது வந்து பார்த்திருக்கிறீர்களா?

சரி, அனுபவத்துக்கே வருகிறேன். இந்த ஊர்க்காரனுக்கு அனுபவத்தில் என்ன குறை? 2004 சுனாமி பார்த்தோம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் பார்த்தோம். 2015 வெள்ளம் பார்த்தோம். அனுபவம் போதும் என்றால் தேவனாம்பட்டினத்திலிருந்து பண்ருட்டி வரைக்கும் வீட்டுக்கு ஒரு எழுத்தாளர் இருக்க வேண்டும். இல்லையே, ஏன்?

நானும் தானேயைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பதினாலு பக்கம். காற்றின் வேகம், சாய்ந்த மின்கம்பம், பால் விலை, மெழுகுவத்தி விலை, பதினைந்து நாள் கரண்ட் இல்லாதது, எதையும் விடவில்லை. அத்தனையும் நான் பட்டது. படித்துவிட்டு என் நண்பன் சொன்னான்: "நல்லா இருக்குடா. கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்தா நிவாரணம் கிடைக்கும்."

அப்புறம் ஒரு நாள் பண்ருட்டிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களுக்கு வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்பு, நடுநடுவே பலா. புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியப்பா உடனே ஆரம்பித்தார்: மொத்தம் இத்தனை மரம், நின்றது இத்தனை, கணக்கெடுக்க வந்தவர் எழுதியது இத்தனை, வந்த பணம் இவ்வளவு. ஒரு கணக்கும் பிசகாது. முக்கால் மணி நேரம் கேட்டேன். இன்றைக்கு அதில் ஒரு எண் கூட எனக்கு ஞாபகமில்லை.

பெரியம்மா முறத்தில் பருப்பைப் பொறுக்கிக்கொண்டே ஒன்று சொன்னாள். "விடிஞ்சு கதவத் தொறந்தேன். ரோடு தெரிஞ்சுது."

அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் பேசவில்லை. நாற்பது வருஷமாக அந்த வாசலில் நின்றால் ரோடு தெரியாது, நடுவே அத்தனை மரம். அன்றைக்குத் தெரிந்தது. காற்று என்று ஒரு வார்த்தை இல்லை, மரம் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நடுவர் அவர்களே, இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ராத்திரி, ஒரே காற்றில் இருந்தவர்கள். அனுபவத்தில் குண்டுமணி வித்தியாசம் கிடையாது. பெரியப்பாவிடம் கணக்கு கிடைத்தது, பெரியம்மாவிடம் கதை கிடைத்தது. எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் வித்தியாசம். இதைத்தான் நான் உத்தி என்கிறேன். உத்தி என்றதும் ஏதோ ஜிகினா வேலை என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது.

அனுபவமே வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமில்லை. பண்ருட்டிக்காரர்களுக்குத் தெரியும், முந்திரிக்கொட்டையைப் பச்சையாகக் கடித்தால் வாய் வெந்துபோகும். வறுக்க வேண்டும், உடைக்க வேண்டும், தோல் நீக்க வேண்டும். அதிலும் முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்த பருப்புக்கு வேறு விலை. எழுத்தும் ஏறக்குறைய அந்தக் கைப்பழக்கம்தான்.

ஜெயகாந்தனைச் சொன்னீர்களே, அவரிடமே வருகிறேன். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருவன் காரில் ஏறுகிறாள், கெட்டு வீடு திரும்புகிறாள். தாய் ஊரைக் கூட்டவில்லை, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். தமிழ்நாடே சண்டை போட்டது. பிறகு அதே ஜெயகாந்தன், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கத்திக் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. கவனியுங்கள், மழை அதேதான், கார் அதேதான், பெண்ணும் அதே பெண். திருப்பியது ஒரே ஒரு இடம். அதிலிருந்து வேறொரு வாழ்க்கையே கிளம்பிவிட்டது. இதில் எது ஐயா வாழ்ந்த அனுபவம்? முதல் தாயா, இரண்டாவது தாயா?

புதுமைப்பித்தனுக்கு வாருங்கள். சென்னைத் தெருவும் பத்திரிகை ஆபீஸ் வறுமையும் அவர் பட்டவை, ஒப்புக்கொள்கிறேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் வருகிறாரே, அவரை எந்த டிராம் நிற்கிற இடத்தில் சந்தித்தார்? கந்தசாமிப் பிள்ளை தெருமுனையில் நின்று, டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, நடந்துவிடலாமா என்று காசுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாமும் கூட நின்று கணக்குப் போடுகிறோம். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கணக்கு மும்முரத்தில், வந்தவர் கடவுளா, ஏன் வந்தார் என்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை, காபி குடிக்கக் கூடவே போய்விடுகிறோம். மாயத்தை நம்ப வைக்க சில்லறைக் காசை முன்னால் வைத்தார் பாருங்கள், அதற்குப் பெயர் என்ன?

'செல்லம்மாள்' முதல் வரியிலேயே செல்லம்மாள் மூச்சு ஒடுங்கிவிடுகிறது. நானாக இருந்தால் சாவைக் கடைசிக்கு ஒளித்து வைத்திருப்பேன். அவர் முதலிலேயே சொல்லிவிட்டதால், பிழைப்பாளா என்ற பதைப்பே நமக்கு இல்லை. கணவன் அவளுக்குச் செய்கிற ஒவ்வொரு சின்னப் பணிவிடையையும் நிதானமாகப் பார்க்கிறோம். நெஞ்சு அங்கேதான் உடைகிறது.

எதிரணி அம்மா, புதுச்சேரியில் கடைசிவரை வாழ்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனை, நம்ம கி.ரா.வைச் சொன்னார்கள். அவர் 'கதவு' கதையில் வறுமையையா எழுதினார்? தீர்வை பாக்கிக்குக் கழற்றிக்கொண்டு போன ஒரு கதவை எழுதினார், அதில் ஏறி விளையாடிய குழந்தைகளை எழுதினார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே.

பதினாலு பக்கத்தைக் கிழித்துவிட்டு மூன்று பக்கமாகத் திரும்ப எழுதினேன். பெரியம்மாவின் அந்த வரி அதில் இருக்கிறது. திருட்டுக் குற்றம் ஆகக்கூடாதே என்று அவளிடம் போய், "நீ சொன்னதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நான் என்னடா சொன்னேன்? ரோடு தெரிஞ்சுதுன்னேன். அதுல என்னா இருக்குது?"

இதை எதிரணி பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பிடித்துக்கொள்ளட்டும். வணக்கம்.