பேசாத அணுவைப் பேச வைத்தல்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

குவாண்டம் கணினி கட்ட முனைவோர் எல்லாரும் ஒரே முரண்பாட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். கணக்கைத் தாங்கும் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட், வெளியுலகின் தொடுகை ஏதும் படாமல் தனித்திருக்க வேண்டும். ஆயினும் கணக்கு நடக்கும் கணத்தில் அது பக்கத்துக் கியூபிட்டோடு உறவாடியே தீர வேண்டும். மின்னூட்டமற்ற அணுக்களை ஒளியால் பிடித்துவைக்கும் முறை இதற்குக் கண்ட விடை என்னை வியக்க வைக்கிறது; அதனால்தான் இன்று அதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

அறை வெப்பநிலையில் ஒரு ரூபிடியம் அணு நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் எதிரே, அணு ஏற்கும் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் குறைவான லேசர் ஒளியைச் செலுத்தினால், ஒளியை நோக்கி வரும் அணுவுக்கு மட்டும் டாப்ளர் விளைவால் (நகர்வினால் அதிர்வெண் மாறித் தெரிவதால்) அதிர்வெண் பொருந்திவர, அது ஒளித்துகளான ஃபோட்டானை விழுங்கி, ஒவ்வொரு விழுங்கலிலும் நொடிக்கு 6 மில்லிமீட்டர் அளவு வேகத்தை இழக்கிறது. சுமார் 50,000 ஃபோட்டான்கள் போதும், பாய்ந்து வந்த அணு நின்றுவிடும். அணுக்களின் வேகம் குறைவதுதான் அவை குளிர்வது. 1985-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூ குழுவினர் சோடியம் அணுக்களை இவ்வாறு 240 மைக்ரோகெல்வினுக்கு, அதாவது தனிச்சுழிக்கு மேலே ஒரு பாகையின் மிகச் சிறு பங்குக்கு, கொண்டுவந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் வில்லியம் பிலிப்ஸ் 40 மைக்ரோகெல்வின் என்று அளந்தபோது, அது கோட்பாடு வகுத்த எல்லைக்கும் கீழே இருந்தது. திருத்தப்பட வேண்டியது கோட்பாடுதான் என்று தெரிந்தது. கிளாத் கோஹன்-தனூஜியையும் சேர்த்து மூவருக்கும் 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குளிர்ந்த அணுவை நிறுத்திவைப்பது ஆர்தர் ஆஷ்கின் கண்ட ஒளி இடுக்கி. இறுகக் குவித்த கற்றையில் ஒளி மிகுந்த புள்ளிக்கு அணு இழுக்கப்பட்டு அங்கேயே தங்கும். ஒரே இடுக்கியில் இரண்டு விழுந்தால் அவை மோதி வெளியேறிவிடும் என்பதால், ஏறத்தாழப் பாதி இடுக்கிகள் காலியாகவே இருக்கும். முதலில் படமெடுத்து, பிறகு நகரும் இடுக்கிகளால் அணுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வெற்றிடங்களை நிரப்பும் வித்தையை 2016-இல் ஹார்வர்டிலும் பிரான்சிலும் செய்து காட்டினார்கள்.

இந்த அணுக்களைச் செய்தவர் யாருமில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில்லில் (சிப்பில்) உருவாக்கப்படும் கியூபிட்டுகள் ஒன்றுக்கொன்று சிறிதேனும் வேறுபடும். இரண்டு ரூபிடியம்-87 அணுக்களுக்கிடையே வேறுபாடு காண எவராலும் இயலாது.

ஆனால் சில மைக்ரோமீட்டர் தள்ளி நிற்கும் இந்த அணுக்கள் ஒன்றையொன்று உணர்வதே இல்லை. அவற்றைப் பேச வைப்பது ரிட்பெர்க் நிலை. லேசர் துடிப்பொன்று வெளி எலக்ட்ரானை மிக உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றினால், அணு ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெருத்து, அருகிலுள்ள அணு அதே நிலைக்கு ஏற முடியாதபடி அதன் மட்டத்தை நகர்த்திவிடுகிறது. ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றொன்று நடந்துகொள்ளும் இந்தத் தடைதான் கணினிக்கு வேண்டிய தருக்க வாயிலை, அதாவது கணக்கின் அடிப்படைச் செயலை, தருகிறது. மைக்ரோநொடிக்குள் எலக்ட்ரான் கீழிறங்க, அணுக்கள் மீண்டும் மௌனமாகின்றன. 2000-இல் கோட்பாடாக முன்மொழியப்பட்ட இதை, 2009-இல் விஸ்கான்சினிலும் பிரான்சிலும் இரண்டிரண்டு அணுக்களில் கண்ணாரக் கண்டனர்.

2023-இல் ஹார்வர்ட் குழுவினர் இந்த வாயிலை 99.5 விழுக்காடு துல்லியத்துக்கு உயர்த்தினார்கள். அப்படியும் இருநூறு செயல்களில் ஒன்று தவறும். நீண்ட கணக்குக்கு அது போதவே போதாது. ஆகவே பல அணுக்களைச் சேர்த்து ஒரே தருக்கக் கியூபிட்டாக்கிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வழியில் இறங்கி, அதே ஆண்டில் 48 தருக்கக் கியூபிட்டுகள் வரை இயக்கிக் காட்டினர். 2025-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு 6,100 சீசியம் அணுக்களை ஒளியில் நிறுத்தியது. அவை தம் குவாண்டம் நிலையை 12.6 நொடி காத்தன. ஒளி இடுக்கியிலிருந்து அணுக்கள் நழுவுவது நெடுநாள் தலைவலி. அதற்கும் விடையாக, ஹார்வர்டில் அதே ஆண்டு, 3,000 அணுக்களுக்கு மேற்பட்ட அடுக்கில், எஞ்சியவற்றின் நிலை கலையாமலே புதிய அணுக்களை இட்டு நிரப்பி, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இயக்கியிருக்கிறார்கள்.