மனைவியோடு குழுவாக பைக் பயணம்: உள்ரோட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து எட்டு பைக்கில் சென்னையிலிருந்து வால்பாறை போகிறோம். முடிந்தவரை ஹைவேயைத் தொடாமல் திருவண்ணாமலை, அரூர், கொல்லிமலை, தாராபுரம், உடுமலை என்று உள்ரோட்டிலேயே போவதாகத் திட்டம். என்னுடையது 350 சிசி வண்டி. பின்னால் என் மனைவி வருகிறாள், அவளுக்கு இதுதான் முதல் நீண்ட பயணம். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறார்கள். முடியுமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?"

தம்பி, முதலில் அந்த 400-ஐ அடித்துவிடுங்கள். நான்கு வழிச் சாலையில், தனியாக, காலை வெயில் ஏறுவதற்குள் பாதியை முடிக்கிற ஆள் போடுகிற கணக்கு அது. உள்ரோட்டில் டீ, பெட்ரோல், போட்டோ எல்லாம் சேர்த்தால் மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான் சராசரி வரும். மலை ஏறினால் அது 20, 25 ஆகிவிடும். 400-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், பத்து மணி நேரம். இதில் சாப்பாடு சேரவில்லை. எட்டு பைக் "காலை 6 மணிக்குக் கிளம்புகிறோம்" என்று சொன்னால் 7 மணிக்குத்தான் கடைசி வண்டி வந்து நிற்கும், அதுவும் உங்களுக்குத் தெரியும். கடைசி ஒன்றரை மணி நேரம் இருட்டில், தெரியாத ஊரில், வெள்ளைக் கோடே இல்லாத வேகத்தடைகளின் மேல் ஓட்டுவீர்கள். எதற்கு?

சமவெளியில் ஒரு நாளைக்கு 200, மிஞ்சினால் 220. மலை ஏறுகிற நாளில் 120 போதும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போய் இரவு தங்கிவிடுங்கள். மறுநாள் செங்கம், அரூர், மஞ்சவாடிக் கணவாய், சேலத்தின் ஓரமாக ராசிபுரம். மூன்றாம் நாள் கொல்லிமலை ஏறி இறங்கி நாமக்கல். நான்காம் நாள் பரமத்திவேலூரில் காவிரியைத் தாண்டி, கொடுமுடி, முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம், உடுமலை. ஐந்தாம் நாள் காலையில் ஆழியாறு, வால்பாறை. "இதற்கு ஐந்து நாளா" என்று குழுவில் ஒருவர் கேட்பார். அவர் பின்னால் யாரும் உட்காரவில்லை என்று பாருங்கள்.

இந்தக் கேள்வியில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். ஜோடியாகப் போகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் பின்சீட்டில் இருப்பவரின் உடம்பை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, தொடையால் அணைக்க டேங்க் இருக்கிறது, பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு உங்கள் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரியும். நீங்கள் பிரேக் பிடித்த பிறகுதான் பிரேக் பிடித்தீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு குலுக்கலையும் இடுப்பில் வாங்குகிறார். அதனால் உங்களுக்கு 100 கிலோமீட்டரில் வருகிற அலுப்பு அவருக்கு 60-லேயே வந்துவிடும். அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். வண்டியில் உட்கார்ந்தபடி சோம்பல் முறிப்பது கணக்கில் வராது.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். கழிப்பறை. ஹைவேயில் பெரிய பெட்ரோல் பங்கும் ஓட்டலும் இருக்கும், எப்படியாவது சமாளிக்கலாம். உள்ரோட்டில் பங்க் இருக்கும், கழிப்பறையும் இருக்கும், பூட்டியிருக்கும். சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். ஆண்கள் ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். மதியம் தலைவலி, சாயங்காலம் வாந்தி வருகிற மாதிரி இருக்கும், இரவு "இனிமேல் என்னைக் கூப்பிடாதே" என்பார்கள். பைக் பயணம் பிடிக்காமல் அல்ல, தண்ணீர் குடிக்காமல். என் மனைவி இங்கே கேமராவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிறாள். ஆகவே டீக்கடையைப் பார்த்து நிறுத்தாதீர்கள், கழிப்பறையைப் பார்த்து நிறுத்துங்கள். செங்கம், அரூர், ராசிபுரம், வெள்ளகோவில், தாராபுரம் மாதிரி ஓரளவு பெரிய ஊர்களில் குடும்பங்கள் சாப்பிடுகிற சைவ ஓட்டல்கள் இருக்கும். அங்கே நிறுத்துவதாக முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் வேறு பெண்களும் வந்தால் அவர்களும் சேர்ந்தே இதை முடிவு செய்யட்டும்.

வண்டிக்கு வருவோம். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் டயர் காற்று அளவு இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள், தனியாக ஓட்டினால் ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று. பின்டயருக்கு அந்த இரண்டாவது அளவை வையுங்கள், காலையில் டயர் சூடாவதற்கு முன். அப்புறம் பின்பக்க ஷாக் அப்சார்பர். அதை இறுக்குவதற்குப் படிப்படியாக வளையம் இருக்கும், கூடவே வந்த டூல் கிட்டில் அதற்கான சாவியும் இருக்கும். பெரும்பாலானவர்கள் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். மனைவி, பை எல்லாம் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டில் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும், மேடு பள்ளத்தில் அடி வாங்கும். இரண்டு படி இறுக்கிப் பாருங்கள், வித்தியாசம் பின்னால் இருப்பவருக்கே தெரியும். செயினையும் இருவரும் உட்கார்ந்த நிலையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பை விஷயத்தில், கனமான சாமான்கள் இரண்டு பக்கப் பைகளில், கீழே, முன்பக்கமாக இருக்கட்டும். பின்னால் கட்டுகிற பையில் துணி மாதிரி லேசானது மட்டும். அது அவருக்கு முதுகு சாயவும் உதவும்.

உடையைப் பற்றி ஒரு வருத்தம் எனக்கு உண்டு. ஓட்டுகிறவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாக்கெட் போட்டிருப்பார், கையுறை, முழங்கால் கவசம், எல்லாம் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தலையில் பாதியை மூடுகிற ஒரு ஹெல்மெட், காலில் செருப்பு. விழுந்தால் ரோடு ஆள் பார்த்தா தேய்க்கும்? அவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடிய ஷூ. பட்ஜெட் ஒருவருக்குத்தான் வருகிறது என்றால் அவருக்கு வாங்குங்கள். சேலையும் துப்பட்டாவும் வேண்டவே வேண்டாம், பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு உயிர் போன சம்பவங்கள் நம் ஊரில் நிறைய. ஒருபக்கமாக உட்காருவதும் கூடாது.

ஏறும்போது, இறங்கும்போது சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வளைவில் வண்டி சாயும்போது அவரும் உங்கள் தோளைப் பார்த்தபடி கூடவே சாய்ந்தால் போதும், எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடாது. ஹெல்மெட்டில் மாட்டி இருவரும் பேசிக்கொள்கிற புளூடூத் இண்டர்காம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தோளில் இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ, மூன்று தட்டு என்றால் உடனே ஓரம் கட்டு. மூன்று தட்டு விழுந்தால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்.

குழு. எட்டு பைக் என்பது உள்ரோட்டுக்குக் கொஞ்சம் பெரியது, முடிந்தால் நான்கு நான்காகப் பிரியுங்கள். முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் அனுபவசாலி, அவரிடம் பஞ்சர் கிட்டும் முதலுதவிப் பையும். ஜோடி வண்டிகள் முன்னால் போகிறவருக்கு அடுத்து இரண்டாவது, மூன்றாவதாக வர வேண்டும். கடைசியில் விட்டால் எட்டிப் பிடிக்கிறேன் என்று வேகம் கூட்டுவீர்கள். அகலமான ரோட்டில் ஒருவர் இடது, அடுத்தவர் சற்று வலது என்று மாறி மாறி வரலாம், இரண்டு விநாடி இடைவெளியோடு. குறுகிய ரோட்டிலும் வளைவிலும் ஒரே வரிசைதான். அப்புறம் எல்லோரும் ஏற்க வேண்டிய ஒரே விதி: பின்னால் வருகிறவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், ரோடு பிரிகிற அடுத்த இடத்தில் நில்லுங்கள். செல்போன் டவர் கிடைக்காத மலையில் இந்த ஒரு விதி எல்லா ஆப்பையும்விட நன்றாக வேலை செய்கிறது. பெட்ரோல் எல்லோரும் ஒரே இடத்தில், சிறிய டேங்க் வண்டியின் கணக்குப்படி.

இப்போது உள்ரோட்டின் ஆபத்துகள். ஹைவேயில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை. அறுவடை முடிந்த மாதங்களில், ஜனவரி, பிப்ரவரி பக்கம், அரூர், செங்கம் பகுதியில் கொள்ளு, கேழ்வரகு, சோளம் என்று ரோட்டிலேயே காயப் போட்டிருப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று செடியோடு பரப்பியிருப்பார்கள். காருக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்துக்கு, அதுவும் பின்னால் ஆளோடு, உருளைக் கல்லில் ஓட்டுவது போல. தூரத்தில் ரோடு நிறம் மாறித் தெரிந்தாலே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் நேராகப் போங்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள், திருப்பாதீர்கள். மயில் கூட்டமாகக் குறுக்கே வரும். ஆடு ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் பத்து வரும்.

வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் போகும்போது மட்டும் அவசரப்படவே வேண்டாம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள், கொறங்காடு என்பார்கள், அதற்குள் வெள்வேல மரத்தடியில் காங்கேயம் மாடு நிற்கும். இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான், மலைகூட அப்புறம்தான். உடுமலையை நெருங்கும்போது காற்றாலைகள் வரிசையாக வரும். அவ்வளவு காற்றாலை ஏன் என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கொட்டுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று, பை கட்டிய வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த மாதங்களில் வால்பாறையிலும் மழை கொட்டும், ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலைக்கு அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது சுலபம், இறங்குவதுதான் சோதனை. முதல், இரண்டாம் கியரிலேயே இறக்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் எண்ணெய் சூடாகி லிவர் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருப்பவர் எடை உங்கள் முதுகில் வந்து சாயும், அதனால் இருபது வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி இருவரும் கையை உதறிக்கொள்ளுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும், சட்டமே அப்படித்தான். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள், இறங்கினால் ஏறியாக வேண்டும். அடுத்த நாள் இரண்டு பேருக்கும் தொடை பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அருவியா, மறுநாள் பயணமா என்று அவரையே கேளுங்கள்.

வால்பாறைக்கு 40 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை, கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும், வரையாடு பாறையில் நிற்கும். வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோட்டைக் கடக்கும், தின்ன எதுவும் போடாதீர்கள். இது ஆனைமலை புலிகள் காப்பகம், சாயங்காலத்துக்கு மேல் ஆழியாறு சோதனைச் சாவடியில் சுற்றுலா வண்டிகளை விட மாட்டார்கள், மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வால்பாறைக்கும் இ-பாஸ் கொண்டுவந்திருக்கிறார்கள், கிளம்பும் முன் ஒவ்வொரு வண்டிக்கும் எடுத்து வையுங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், எஞ்சினை முறுக்காமல், தூரத்திலேயே நின்று அது போகட்டும் என்று காத்திருங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. லீவு முடிகிறது என்று எல்லோரும் ஹைவேயில் ஒரே மூச்சாகச் சென்னைக்கு ஓட்டுவார்கள், 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். பார்க்க எதுவும் இல்லாத, லாரிப் புகை மட்டும் உள்ள நாள் அது. பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது. மனைவிக்கு விருப்பமிருந்தால் இப்போதே ஒரு டிக்கெட் போட்டு வையுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அங்கே போய் ரத்து செய்துகொள்ளலாம். சரி, அடுத்தது செயினுக்குப் போடுகிற எண்ணெய் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.