பாதிப் பாதி போட்டால் கணக்கு முடிந்ததா?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பியே, வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் கால்வாசி உண்மை, மீதி அவர்கள் அன்பு. தலைவர் துணைவியாரோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்றைய தலைப்புக்கு அது பெரிய தைரியம்!

சேர்ந்து வாழும் இருவர் வீட்டுச் செலவை எப்படி நியாயமாகப் பிரித்துக்கொள்வது? வருமானம், கடன், உழைப்பு என்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். என் கூட்டங்களுக்கு வருபவர்களுக்கு இது கேட்டுச் சலித்த பழமொழி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருமானம். ஒருவருக்கு 60 வருகிறது, இன்னொருவருக்கு 40. வீட்டுச் செலவு 50. பாதிப் பாதி போட்டால் ஆளுக்கு 25. ஒருவர் கையில் 35 மிஞ்சும், இன்னொருவர் கையில் 15தான். வருமான விகிதப்படி 30, 20 என்று போட்டால் மிச்சமும் 30, 20. இன்னும் ஒருபடி மேலே போய், மிச்சம் இருவருக்கும் சமமாக 25 இருக்கட்டும் என்று 35, 15 போடுகிறவர்களும் உண்டு. பொதுச் செலவுக்கு ஒரு வங்கிக் கணக்கு, அவரவர் கைச்செலவுக்குத் தனித்தனியாக ஒன்று என்று வைத்துக்கொண்டால், புதுச் செருப்புக்கு யாரும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி. பாதிப் பாதிதான் அவர்கள் வேதம். செல்போனில் அதற்கென்று ஒரு ஆப். பல்பு வாங்கினால் பாதி, சோப்பு வாங்கினால் பாதி. ஒருநாள் ஷாம்பு தீர்ந்தது. "என் தலையில் இருக்கிற முடிக்கு நான் எதற்குப் பாதி தரவேண்டும்?" என்றார் அந்த ஐயா. நியாயம்தான், நானே பார்த்தேன், நெற்றி உச்சி வரை போயிருந்தது. அடுத்த பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே அந்த அம்மாவுடையது, கீழே அவருடையது. (சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டில் என்ன கோடோ!) அந்த அம்மா சண்டை போடவில்லை. ஒரு தாளை எடுத்து ஒரு மாதம் எழுதினார். பாத்திரம் தேய்த்தது, துணி மடித்தது, அவருடைய மாத்திரை தீரப்போவதை நினைவு வைத்தது, குழாய் ரிப்பேர்காரருக்காக அரைநாள் விடுப்பு எடுத்தது. மாதக் கடைசியில் ஆப்பைத் திறந்து, "இதில் பாதியை எங்கே ஏற்றுவது?" என்று கேட்டார். அவர் தாளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பேசாமல் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு தட்டு உடைந்தது. அதையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்களாம்.

நான் ஊர் ஊராகப் பேசித் திரிவது இந்தத் தாளுக்காகத்தான். சம்பளமில்லாத பராமரிப்பு வேலை நேரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே, 76.2 சதவீதம், பெண்கள் தலையில் விழுகிறது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்னது. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது, வீட்டார் தங்களுக்காகவே சமைப்பதும் துவைப்பதும் அதில் சேராது. நாடுதான் சேர்க்கவில்லை, வீடாவது சேர்க்கக் கூடாதா? 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் வேலையையும் வீட்டு வேலையையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அந்த ஒரு நாளில் நாடே திண்டாடியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! ஆனால் பணத்தை மட்டும் அளந்தால் போதுமா? நேரத்தையும் அளக்க வேண்டாமா?

கடனைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், அதுவும் இரண்டாவது சீட்டு. சரி, கடன் அடுத்த கூட்டத்துக்குக் கடனாகவே இருக்கட்டும்.

வாசல் மேஜையில் அச்சடித்த தாள்கள் இருக்கின்றன. பணத்துக்கு ஒரு கட்டம், மணிக்கணக்குக்கு ஒரு கட்டம். வீட்டுக்கு ஒன்றுதான். இருவரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் கிடைக்கும். தலைவர் அவர்களே, உங்களுக்கும்தான்.