ரெண்டு மாதம் நின்ற காரை எடுக்கப் போறீங்களா? முதலில் பிரேக்!

வணக்கம் மக்களே. திருவான்மியூரில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் சித்தப்பா வீடு. ஐப்பசி மழையில் அவர் கார் ரெண்டு மாதம் அப்படியே நின்றது. சாவியைத் திருகினார், ஒரே அடியில் ஸ்டார்ட். முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் பின்பக்கம் அமுங்குகிறது, வண்டி மட்டும் நகரவே இல்லை. ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருக்கிறது!

நம் ஊரில் ஓடும் பல கார்களுக்குப் பின் சக்கரத்தில் டிரம் பிரேக்தான். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் மாதிரி, அதன் உள்ளே பிறை வடிவத்தில் ரெண்டு பிரேக் ஷூ. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அவை டிரம்மை அழுத்திப் பிடிக்கும். அந்த நிலையிலேயே ஈரம் புகுந்து துருவேறினால், கேபிளைத் தளர்த்தினாலும் ஷூ விலகாது. (டிரம்மை நெருக்கத்தில் காட்டவும்.) இங்கே பாருங்கள், ஷூ உட்கார்ந்திருந்த இடம் செம்மண் பூசினாற்போல் அச்சாகப் பதிந்திருக்கிறது. தயவுசெய்து ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், ஷூவின் லைனிங், அதாவது டிரம்மில் உரசும் மேல் பூச்சு, பிய்ந்து வந்துவிடும். ரிவர்ஸ், முதல் கியர் என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். வரவில்லையா, மெக்கானிக் வந்து டிரம்மைத் தட்டி விடுவிக்கட்டும்.

முன் சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கில் (தட்டில்) தெரியும் பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்குப் பிறகும் கரகரவென்று சத்தம் வந்தாலோ, பெடல் காலை உதைத்தாலோ கழற்றிப் பார்க்கணும்.

சரி, இப்போதுதான் முக்கியமான விஷயம். பிரேக் ஆயில், அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திரவம்.

அப்பள டப்பாவை மூடாமல் வைத்தால் என்ன ஆகும்? நமத்துப் போகும். பிரேக் ஆயிலும் நமத்துப் போகும்! காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. வண்டி ஓடினாலும் இழுக்கும், நின்றாலும் இழுக்கும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தர வகைகள் உண்டு. புது டாட் 4 ஆயில் கொதிக்க குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரி போதும் என்று அதன் தர அளவே சொல்கிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு இறங்கும்.

இந்த டிகிரிக் கணக்கை ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், நாலு வருஷமாக மூலையில் நின்ற வண்டியைத் திடீரென்று துடைத்து, குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் சூடு ஏறி ஏறி உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் அதே பிரேக் நன்றாகத்தான் பிடித்திருக்கும், அதுதான் எனக்குப் பயமே.

"9,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, சர்வீஸ் எதுக்கு" என்று கேட்கிறீர்களே, பிரேக் ஆயிலுக்கு மீட்டரைப் பார்க்கக் கூடாது, காலண்டரைப் பார்க்கணும். பொதுவாக ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 3-ஆ 4-ஆ என்பது பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே பெரும்பாலும் இருக்கும். சீல் உடைத்து வைத்த பழைய பாட்டிலை ஊற்ற விடாதீர்கள், அதுவும் நமத்ததுதான்.

நீண்ட நாள் நிறுத்துவதென்றால் சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். கழுவினால் ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து ஈரம் காய்ந்தபின் நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பிரேக்குக்குச் சுத்தமாகப் பயனில்லை. வாரம் ஒருமுறை 20 நிமிடம் ஓட்டுங்கள். வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது.

அப்புறம், பழைய சர்வீஸ் பில்லை இன்றைக்கே தேடி எடுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய மாதம், வருஷம் என்ன என்று கமெண்டில் போடுங்கள். பில்லில் அந்த வரியே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.