நார்மன் ராக்வெல்: அக்கம்பக்கத்தை வரைந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் 1894இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1916இல், 22 வயதில், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வார இதழின் அட்டையில் அவருடைய படம் முதன்முதலாக வந்தது. அப்புறம் 47 ஆண்டுகள், 300க்கும் மேற்பட்ட அட்டைகள். முடிதிருத்தும் கடை, டாக்டரின் அறை, தலைமை ஆசிரியர் அறை வாசல் என்று எல்லாமே அன்றாடம் பார்க்கிற இடங்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சிற்றூரில் குடியிருந்தபோது, அக்கம்பக்கத்தாரையே நிற்கவைத்து, புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார்.

1958இல் ஓர் அட்டை. சிற்றுண்டிக் கடையின் உயரமான ஸ்டூலில் ஒரு சின்னப் பையன். வீட்டைவிட்டு ஓடிவந்தவன் என்பதை ஸ்டூலுக்கு அடியில் கிடக்கும் சிவப்புத் துணி மூட்டையே சொல்லிவிடுகிறது. பக்கத்து ஸ்டூலில் ஒரு போலீஸ்காரர், அவன் பக்கமாகச் சாய்ந்து பேசுகிறார். மிரட்டல் இல்லை.

இதெல்லாம் வெறும் பத்திரிகைப் படம் என்று விமர்சகர்கள் பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. அந்த அட்டைகளில் கருப்பின மக்களை அநேகமாகக் காணவே முடியாது என்பதுதான் பெரிய குறை. அவர்களைப் பணியாளர்களாக மட்டுமே காட்டலாம் என்பது பத்திரிகையின் விதி என்று ராக்வெல்லே பின்னாளில் சொன்னார்.

1963இல் அங்கிருந்து விலகினார். அடுத்த ஜனவரியில், எழுபதை நெருங்கும் வயதில், 'லுக்' இதழில் அவர் வெளியிட்ட ஓவியத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் 1960இல், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் நடந்து போன காட்சி அது. வெள்ளைக் கவுன், வெள்ளை ஷூ, கையில் நோட்டும் ஸ்கேலும். முன்னும் பின்னுமாக, அவளுக்குக் காவலாக வந்த மத்திய அரசின் காவல் அதிகாரிகளான நான்கு மார்ஷல்கள். அவர்களுடைய தலைகள் படத்துக்குள் வரவில்லை. நாம் பார்ப்பது குழந்தையின் உயரத்தில். பின்சுவரில் ஒரு வசைச்சொல், யாரோ எறிந்த தக்காளி சிதறி வழிந்த கறை.

ராக்வெல் அடியோடு மாறிவிட்டார் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூட்டையைக் கவனித்த அதே கண்தான் ஸ்கேலையும் கவனித்தது. அதுவரை பார்க்க விடாமல் வைத்திருந்த பக்கத்தையும் அது இப்போது பார்த்தது. 1967இல் மறுபடி ஒரு சாதாரணத் தெருவுக்கே திரும்பினார். வெள்ளையர் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்த இரண்டு கருப்பினக் குழந்தைகளும் அந்தத் தெருப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் பேஸ்பால் கையுறை இருக்கிறது.

நன்றி, வணக்கம்.