கருத்தடை செய்த நாய்க்கு வயிறு சிவந்து கடிக்குதா (அரிக்குதா)? மருந்து பூச முதல் இதைப் பாருங்கோ

(காட்சி: விறாந்தையில் பக்கவாட்டாகப் படுத்திருக்கும் பெட்டை நாய். மழித்த அடிவயிறு, நடுவில் தையல். கமரா மெதுவாகக் கிட்டப் போகிறது.)

இந்த வயிற்றை வடிவாப் பாருங்கோ. நடுவில தையல் இருக்கு. ரெண்டு ஓரமும் ஒட்டியிருக்கு, சீழ் இல்லை, மணம் இல்லை. இப்ப தையலில இருந்து மூண்டு விரல் தள்ளி, தொடைப் பக்கம் பாருங்கோ. சிவந்து, சின்னச் சின்னப் பருவா வந்திருக்கு. நாய் தலையைத் திருப்பித் திருப்பி நக்கப் பாக்கிறது அந்த இடத்தைத்தான்.

"காயம் பழுதாப் போச்சு போல, நாய் விடாமல் நக்குது" எண்டு அந்தரப்படுற கனபேருக்கு, பிரச்சினை காயத்தில இல்லை. காயத்தைச் சுத்தியிருக்கிற தோலிலதான். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சால் அரைவாசி வேலை முடிஞ்சுது.

ஏன் தோல் இப்பிடி ஆகுது? ஒப்பரேஷனுக்கு முதல் மெஷினால மயிரை ஒட்ட வழிப்பினம். பிறகு அயடின் இல்லாட்டி குளோர்ஹெக்சிடின் போட்டுத் தேய்ப்பினம், சில வேளை ஸ்பிரிட்டும் போடுவினம். கிருமி போக இதெல்லாம் வேணும்தான். ஆனால் அவசரமாச் சவரம் எடுத்த தாடைக்கு மேல ஸ்பிரிட் போட்டால் எப்பிடி எரியும்? அதுதான் இந்த வயிற்றுக்கும். நாயின்ர மேல்தோலில கல அடுக்கு 3 தொடக்கம் 5 வரைதான் இருக்கும். எங்களுக்கு 10க்கு மேல. மயிர் இருக்கிறவரைக்கும் அந்த மெல்லிய தோல் தாங்கும். மயிர் போனால் வெறும் நிலம் பட்டாலே போதும், கடிக்கத் தொடங்கியிடும்.

(காட்சி: முற்றம். மண்ணைக் கிண்டி, அந்தப் பள்ளத்துக்குள் வயிற்றை வைத்துப் படுக்கும் நாய்.)

எங்கட ஊர் நாயளுக்கு இந்தப் பழக்கம் தெரியும்தானே. வெயில் ஏற ஏற முற்றத்து மண்ணைக் கிண்டி, அடி மண்ணின்ர குளிருக்கு வயிற்றை வச்சுப் படுக்குங்கள். மற்ற நாளில அது அதின்ர கெட்டித்தனம். தையல் இருக்கேக்க விடக் கூடாது. சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் செம்மண் எண்டால் இன்னொரு சிக்கலும் இருக்கு: மண்ணின்ர சிவப்பு எது, தோலின்ர சிவப்பு எது எண்டு கண்ணுக்குத் தெரியாது.

அதால 10 தொடக்கம் 14 நாள் வரைக்கும், டொக்டர் தையலைப் பாத்துச் சரி எண்டு சொல்லுமட்டும், நாய் விறாந்தையிலயோ வீட்டுக்குள்ளயோதான். சீமெந்து நிலம் குளிர்ச்சி, நல்லது. ஆனால் நிலத்தை லைசோல் போட்டுத் துடைச்சு, அது காய முதல் நாய் போய்ப் படுத்தால், அந்த மருந்து முழுக்க வழிச்ச வயிற்றிலதான் ஊறும். இந்த ரெண்டு கிழமையும் வெறும் தண்ணியால துடையுங்கோ. இல்லாட்டி தோய்ச்ச சாரம் ஒண்டை நாலா மடிச்சுப் போடுங்கோ. நாளுக்கு ஒருக்கா மாத்தினால் சரி.

இனி நக்குறது. "நாய் நக்கினால் புண் ஆறும்" எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவினம். எனக்கு அவையோட சண்டை பிடிக்க விருப்பமில்லை, ஆனால் இது பிழை. நாக்கு சொரசொரப்பு, வாய்க்குள்ள கிருமி, எச்சில் ஈரம். மூண்டும் சேர்ந்தால் சின்னச் சிவப்பு ஒரே இரவில ஈரப் புண்ணா மாறும். அதோட பல்லால நூலை இழுத்தால் தையல் பிரிய கொஞ்ச நேரமே போதும்.

நக்க விடாமல் கழுத்தில கூம்புக் கொலர் போட்டால், அது மூக்கு நுனியைத் தாண்டி நாலைஞ்சு சென்ரிமீற்றர் வெளியால நிக்க வேணும். கழுத்துக்கும் கொலருக்கும் இடையில ரெண்டு விரல் போக வேணும். எங்கட வெக்கைக்கு கொலருக்குக் கீழயும் வேர்க்குரு மாதிரி வரும், ஆனபடியால் சாப்பாடு குடுக்கேக்க கழட்டி, பக்கத்திலயே நிண்டு, கழுத்தைத் துடைச்சுவிட்டுத் திருப்பிப் போடுங்கோ.

(காட்சி: கைகள் கிட்டத்தில். பழைய பருத்தி ரீசேட் ஒன்று.)

கொலரைக் கண்டாலே சுவரில முட்டுற நாய் எண்டால் ரீசேட். இந்தக் கையைப் பாருங்கோ: தலையைக் கழுத்துக்குள்ளால விட்டு, முன்னங்கால் ரெண்டையும் கைப் பக்கத்தால எடுக்கிறம். மிச்சத் துணியை முதுகுக்கு மேல கூட்டிப் பிடிச்சு, தலைமயிர் கட்டுற றப்பரால ஒரு முடிச்சு. முடிச்சு முதுகிலதான் வர வேணும், வயிற்றுப் பக்கம் வந்தால் தையலில உரஞ்சும். வாலடியில துணி தொங்கக் கூடாது, பெட்டை குந்தி இருந்து மூத்திரம் பெய்யேக்க நனைஞ்சிடும். நனைஞ்ச ரீசேட்டோட ஒரு இரவு விட்டால், ரீசேட் போடாமலே விட்டிருக்கலாம்.

தோலை ஆத்துறதுக்கு என்ன செய்யலாம்? முதல் ரெண்டு மூண்டு நாளைக்குக் குளிர் ஒத்தடம். மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணியில நனைச்சு, சொட்டாமல் பிழிஞ்சு, தையலை விட்டிட்டு, சிவந்த தோலில மட்டும் 5 தொடக்கம் 10 நிமிஷம். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம். ஐஸ் கட்டியை நேர வைக்காதேங்கோ. முடிஞ்சதும் காய்ஞ்ச துணியால ஒத்தி எடுங்கோ, தேய்க்க வேண்டாம். பிறகு கொஞ்ச நேரம் பானுக்கு முன்னால படுக்க விடுங்கோ. மாரி காலத்தில இந்தக் காயவைக்கிற வேலைதான் முக்கியம்.

மண்ணோ மூத்திரமோ பட்டால் மட்டும் உப்புத் தண்ணி. கொதிச்சாறின தண்ணி அரை லீற்றர், மட்டமா ஒரு தேக்கரண்டி உப்பு. வீட்டுக் கிணறு உவர்த் தண்ணி எண்டால் குடிக்கிற நல்ல தண்ணியை எடுங்கோ. குளிப்பாட்டுறது, கிணத்தடியில வாளியால ஊத்துறது எல்லாம் டொக்டர் தையல் சரி எண்டு சொன்ன பிறகு.

(காட்சி: மேசையில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெற்றோல், கற்றாழை, பவுடர்.)

இந்த மேசையில இருக்கிற ஒண்டும் வேண்டாம். டெற்றோலும் ஸ்பிரிட்டும் ஏற்கெனவே எரியிற தோலை இன்னும் எரிக்கும். மஞ்சள் தூள் தையலுக்குள்ள போய்க் கட்டிபிடிச்சு, காயத்தின்ர நிறத்தையே மறைக்கும். தேங்காய் எண்ணெய் நஞ்சில்லை, ஆனால் ருசி; பூசின உடன நக்கும், எறும்பும் வரும். கற்றாழையின்ர மஞ்சள் பால் வயிற்றுக்குள்ள போனால் சத்தியும் வயிற்றோட்டமும். குழந்தைப் பிள்ளையளுக்குப் பூசுற துத்தநாகக் கிறீமும் நக்கினால் நஞ்சு. வீட்டில மிஞ்சிக் கிடக்கிற ஸ்ரீரொயிட் கிறீம் சிவப்பைக் குறைச்சுக் காட்டும், காயம் ஆறுறதையும் பிந்தப்பண்ணும்.

நோவுக்குப் பனடோல், ஐபுபுரூபன், டைக்குளோபெனக்? குடுக்கவே வேண்டாம். மனுசருக்கு எழுதின அளவு நாயின்ர ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் பழுதாக்கும். தோல் கடிக்கு பிரிட்டோன் (அலர்ஜிக் குளிசை) குடுக்கலாமோ எண்டு சிலர் கேட்பினம். சில நாயளுக்கு டொக்டர்மாரே குடுக்கிறவைதான், ஆனால் நிறை பாத்து அவையே சொல்ல வேணும். உண்ணிப் பவுடரையும் இந்த நாளில வயிற்றுப் பக்கம் கொண்டு போகாதேங்கோ.

இலையானைப் பற்றித்தான் நான் கூடப் பயப்பிடுறது. ஈரக் காயத்தில முட்டை விட்டால், எங்கட வெக்கையில ஒரு நாளுக்குள்ளயே புழு வந்திடும். பகலில நாய் படுக்கிற இடத்துக்கு மேல பழைய நுளம்பு வலையைக் கட்டிவிடுங்கோ. குழந்தைப் பிள்ளைக்குக் கட்டுற மாதிரி எண்டு அயலட்டையில சிரிப்பினம், சிரிக்கட்டும்.

(காட்சி: போன் திரையில் ஒரே வயிற்றின் மூன்று படங்கள்.)

காலமை காலமை ஒரே வெளிச்சத்தில போனால ஒரு படம் எடுங்கோ. சிவப்பு மூண்டு நாளுக்குள்ள மங்க வேணும். ஒரு கிழமை கழிய மயிர் முளைக்கேக்க திரும்பக் கொஞ்சம் கடிக்கும், அது வழமை. ஆனால் வீக்கம் கூடினால், சீழ் வந்தால், மணந்தால், தையல் இடைவெளி விட்டால், இரத்தம் நிக்காமல் சொட்டினால், முரசு (பல் ஈறு) வெளிறினால், ஒரு நாளுக்கு மேல சாப்பிடாமல் கிடந்தால், அந்தப் படங்களையும் கொண்டு அண்டைக்கே மிருக வைத்தியரிட்டப் போங்கோ. காய்ச்சல் பாக்க வெப்பமானி இருந்தால், நாய்க்கு 38 தொடக்கம் 39.2 பாகை சாதாரணம். 39.5ஐத் தாண்டினால் பொறுத்திருக்க வேண்டாம்.

மயிர் திரும்ப வர ஊர் நாய்க்குச் சில கிழமை. பொமேரியன் மாதிரிச் சடை நாய்க்கு மாதக்கணக்கில எடுக்கும். வழிச்ச இடத்தில முதல் வாற மயிர் கொஞ்சம் கருமையாவும் இருக்கலாம், அதுக்கு மருந்து தேடி ஓடாதேங்கோ.