சாந்துக்கு அடியில் இருக்கும் எழுத்து

நண்பர்களே, பல வருடம் கழித்து வில்னியஸுக்கு மறுபடி போயிருந்தேன். லித்துவேனியாவின் தலைநகரம். நெரிஸ் ஆற்றின் வடகரையில் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகியிருக்கின்றன. அவை தூரத்திலிருந்தே தெரியும். நான் பேச வந்தது, மெதுவாக நடந்தால் மட்டும் கண்ணில் படுகிறவற்றைப் பற்றி.

இன்றைய கெடிமினாஸ் பெருவீதிக்குப் போலந்து ஆட்சியில் கவிஞர் மிட்ஸ்கெவிச்சின் பெயர். சோவியத் காலத்தில் ஸ்டாலின், அப்புறம் லெனின். பெயர்ப்பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சுலபம். சுவரில் தூரிகையால் எழுதியது அப்படிப் போகாது.

1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் நாலில் ஒருவருக்கு மேல் யூதர். 1941 முதல் 1944 வரையிலான நாஜி ஆக்கிரமிப்பில் பெரும்பாலானோரைக் கொன்றுவிட்டார்கள். பானெரியாய் காட்டில் சுட்டுப் புதைத்தவர்களே பல்லாயிரம் பேர். அவர்கள் வாழ்ந்த சந்துகளில் பழைய கடை விளம்பரங்கள் சில இன்னும் இருக்கின்றன, யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியிலும் போலிஷிலும். முன்பு நான் பார்த்தபோது சாந்து உதிர்ந்த இடத்தில் அரைகுறையாகத் தெரிந்தன. இப்போது சில வீடுகளில் சுவர் முழுக்கப் புது வண்ணம் அடித்து, எழுத்துள்ள பகுதியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. வேறு சில சுவர்களில் எல்லாமே வழவழப்பு. அடியில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்கு அது தாங்கவில்லை.

கல்லையும் பார்க்க வேண்டும். சோவியத் காலத்தில் யூதர் இடுகாட்டுக் கற்களைப் பெயர்த்துப் படிக்கட்டுகளுக்குப் போட்டார்கள். பீலிமோ தெருவிலுள்ள சீர்திருத்தச் சபைத் தேவாலயத்தின் படிகளும் அப்படிக் கட்டியவைதான், பின்னாளில் எடுத்துவிட்டார்கள். ஒருவருடைய பெயர் செதுக்கிய கல்லை எத்தனை பேர் மிதித்துப் போயிருப்பார்கள்!

யூதர்களின் பெரிய ஜெபாலயத்தைப் போருக்குப் பிறகு, 1950களில், இடித்து அந்த இடத்தில் பள்ளி கட்டினார்கள். அங்கே தோண்டியபோது, வேதம் வாசிக்கும் மேடையின் மிச்சம் 2018இல் கிடைத்தது. தோண்டினால் கிடைக்கிறது. பூசினால் போய்விடுகிறது. பழைய நகரம் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பழுதுபார்ப்பு நிற்கப்போவதில்லை, நிற்கவும் வேண்டாம். கொத்தனார் கரண்டியைக் கையில் எடுக்கும் முன், பழைய சாந்தை ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்து ஒரு படமாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே போனால் ஜெமைதியோஸ் தெருவிலிருந்து தொடங்குங்கள். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த காலத்தில் அவர்கள் நடத்திய நூலகம் அந்தத் தெருவில்தான் இருந்தது.